மத்தியான மாத்திரையும் முதுகுத்தண்டு நீரும்

புந்தா அரேனாஸ்
9 அக்டோபர் 2022

அண்ணிக்கு,

பதினேழு முறை அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. பிறகுதான் என் எண்ணையே தடுத்துவைத்திருக்கிறீர்கள் என்று புரிந்தது. அதனால் கடிதம். நான் கடிதம் எழுதி இருபது வருடம் இருக்கும். வெல்டிங் பிடித்துப் பிடித்து மரத்துப்போன கை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மறுபடி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார் என்று சீரோ சொன்னார். அண்ணனோடு முப்பத்தோரு வருடம் ஒரே தடத்தில் பேருந்து ஓட்டிய மனிதர் சொல்லித்தான் கூடப்பிறந்த எனக்கு இது தெரிய வருகிறது.

செப்டம்பர் விடுமுறைக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்பேன் என்று நீங்கள் காத்திருக்கலாம். கேட்க மாட்டேன். சமையலறை இழுப்பறையில், துடைக்கிற துணிகளுக்கு அடியிலிருந்து இருபத்திரண்டு மாத்திரைகளை எடுத்தவன் நான். எல்லாம் அண்ணனுக்கு மத்தியானம் கொடுக்க வேண்டியவை. பார்க்கின்சன் நோய்க்காரருக்கு அந்த மாத்திரைதான் வண்டிக்கு டீசல் மாதிரி என்று டாக்டரே என்னிடம் சொல்லியிருக்கிறார். "அவரு சீக்கிரம் போய்ச் சேரட்டும்னு இருக்கீங்களா அண்ணி?" என்று கேட்டேன். கேட்ட இடம் தப்பு. கேள்வி தப்பில்லை.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா போனார். அதன்பிறகு எனக்கு அப்பா அண்ணன்தான். என் அண்ணன் எரிபெர்த்தோ செபுல்வேதா மாத்திரை இல்லாமல் படியில் உருண்டு கிடப்பதை நான் இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

பதில் எழுதுங்கள்.

நிபால்தோ

* * *

வால்பரைசோ
24 அக்டோபர் 2022

நிபால்தோ,

உன் கடிதம் வந்தது. எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் அலைந்தேன். உட்கார்ந்து படிக்க நேரம் இல்லை. இதைக்கூட மூன்று தடவையாக எழுதுகிறேன்.

உன் அண்ணன் விழுவதை நீ ஒரு முறையாவது பார்த்திருக்கிறாயா? தள்ளாடி விழுவதில்லை. நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். திடீரென்று ஸ்பிரிங் மாதிரி எழுவார். எழுந்த வேகத்தில் அப்படியே பின்பக்கம், பலகை சாய்கிற மாதிரி. கை ஊன்றக்கூடத் தோன்றாது. "எதுக்குங்க எழுந்தீங்க?" என்று கேட்டால், "தெரியல" என்பார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் நான்கு. அறுபத்தாறு வயது ஆணை நான் தூக்குகிறேன். என் வயதை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

தட்டில் வைத்தது அவருக்குத் தெரிவதில்லை. கண் நேராகத்தான் பார்க்கிறது. தட்டைக் கையில் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தால் சாப்பிடுகிறார். தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. பேச்சு குழறுகிறது. இந்த மூன்று வருடமாக மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனோம். ஒன்று, ஒன்றரை, இரண்டு. ஒரு நாளாவது "இன்னிக்குப் பரவாயில்ல" என்று அவர் சொன்னதில்லை.

ஆமாம், மத்தியான மாத்திரையை இழுப்பறையில் போட்டது நான்தான். அதைப் பற்றி இப்போது எழுதத் தெம்பில்லை.

அடுத்த மாதம் சாந்தியாகோவுக்குக் கூட்டிப்போகிறேன். இந்த மாதிரி நடுக்க வியாதிகளை மட்டும் பார்க்கிற ஒரு பெண் டாக்டர் இருக்கிறாராம். சீரோவும் அவர் மருமகனும் உன் அண்ணனை நாற்காலியோடு தூக்கி, நம் தெருவின் எண்பத்து நான்கு படிகளிலும் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எல்சிரா

* * *

புந்தா அரேனாஸ்
7 நவம்பர் 2022

அண்ணி,

இங்கே தெற்குக் கோடியில் காற்று நிற்கவில்லை. இரண்டு நாளாகப் பட்டறையில் கப்பல் பக்கமே போக முடியவில்லை. அதனால் உடனே எழுதுகிறேன்.

நீங்கள் இழுப்பறையைப் பற்றி எழுதவில்லை. கவனித்தேன்.

சாந்தியாகோ டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். மாத்திரை விட்டதையும் சொல்லுங்கள். சொல்வீர்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு ஒரு கம்பளித் தொப்பி அனுப்பியிருக்கிறேன். உள்ளே ஆட்டுத்தோல் தைத்தது. பின்பக்கம் விழுந்தால் தலைக்குக் கொஞ்சம் தாங்கும்.

நிபால்தோ

* * *

வால்பரைசோ
29 நவம்பர் 2022

நிபால்தோ,

தொப்பி வந்தது. போட்டுக்கொண்டிருக்கிறார். கோடை தொடங்குகிற நேரத்தில் கம்பளித் தொப்பியா என்று பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்கள். இருந்தாலும் நல்ல யோசனை.

டாக்டரிடம் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன். "மத்தியான மாத்திரைய நான் குடுக்கல, செப்டம்பர்ல மூணு வாரமா" என்றேன். டாக்டர் ரிக்கெல்மே என்று பெயர். நாற்பது வயதுகூட இருக்காது. எழுதுவதை நிறுத்திவிட்டு, "நிறுத்தினப்புறம் ஏதாவது மோசமாச்சாம்மா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. அதைச் சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு உன் அண்ணனிடம், "மூணே மூணு தடவை கை தட்டுங்க" என்றார். உடைந்த கையில் கட்டுப் பிரித்தது முந்தின வாரம்தான். மெதுவாகத் தட்டினார். மூன்று ஆயிற்று. நிறுத்தவில்லை. நான்கு, ஐந்து, ஒன்பது. தன் கைகளையே பார்க்க முயற்சி செய்தார். கண் அங்கே இறங்கவில்லை. பதினான்காவது தட்டலில் நான் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மூணுதானே தட்டுனேன்?" என்றார். நான் ஆமாம் என்றேன்.

டாக்டர் ஒரு பேனாவை மேலும் கீழும் ஆட்டினார். பக்கவாட்டில் கண் போகிறது. மேலேயும் கீழேயும் போகவில்லை. "படியில ஏன் விழறாருன்னு தெரியுதாம்மா? காலைவிடக் கண்ணுதான் காரணம். கீழ இருக்கற படி அவருக்குத் தெரியவே இல்ல" என்றார்.

அப்புறம் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். பார்க்கின்சன் மாதிரியே தோற்றம் காட்டுகிற வேறு வியாதிகள் இருக்கின்றனவாம். "ஆரம்பத்துல நாங்களே ஏமாந்துடுவோம். யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது" என்றார். மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. நரம்பு இழைகள் உடைந்தால் அந்தத் தூள் நீரில் கலக்கும். பார்க்கின்சனில் அந்தத் தூள் அதிகம் இருக்காது. மற்றவற்றில் பல மடங்கு இருக்கும். இன்னொன்று, பார்க்கின்சனில் ஒரு புரதம் கோணலாக மடிந்துகொண்டு பக்கத்தில் இருப்பதையும் கோணலாக்கும். அது நீரில் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அதற்கு இடுப்புக்கு நேரே முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுக்க வேண்டும்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

எல்சிரா

* * *

புந்தா அரேனாஸ்
13 டிசம்பர் 2022

அண்ணி,

வேண்டாம்.

என்னுடன் வேலை செய்த ஒருவனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நடக்கவில்லை. ஊசியால்தானா வேறு எதனாலா, எனக்குத் தெரியாது. ஆனால் வேண்டாம்.

நான் இங்கே மருத்துவமனையில் ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். பார்க்கின்சனாக இல்லாவிட்டால் அந்த மற்ற வியாதிகளுக்கு மருந்து உண்டா என்று கேட்டேன். கிடையாது என்றார். அப்படியானால் எதற்கு இந்த ஊசி? பெயர் தெரிந்துகொள்ளவா? பார்க்கின்சன் என்றால் மாத்திரையாவது இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அண்ணன் கையில் என்ன கொடுப்பீர்கள்?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இந்தச் சோதனை அண்ணனுக்காகவா, அல்லது இழுப்பறைக்குள் கிடந்தது தப்பில்லை என்று உங்களுக்கு ஒரு காகிதம் வேண்டும் என்பதற்காகவா?

நிபால்தோ

* * *

வால்பரைசோ
18 ஜனவரி 2023

நிபால்தோ,

உன் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் ஒரு மாதம் இருந்தேன். கேள்வி நியாயமானது. எனக்கே பதில் தெரியவில்லை.

அதனால் நாம் இரண்டு பேரும் முடிவு செய்ய வேண்டாம் என்று உன் கடிதத்தையும் டாக்டர் சொன்னதையும் அவருக்கே சத்தமாகப் படித்துக் காட்டினேன். முழுவதையும். இழுப்பறையையும் சேர்த்து. காலை ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டிக்கொண்டே படித்தேன். அவர் பதில் சொல்ல நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நான் பாத்திரம் கழுவி முடித்துவிடலாம். கழுவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"பஸ்ஸு மக்கர் பண்ணா... மூடிய தொறந்து பாப்பேன். டீசல ஊத்திக்கிட்டே... இருக்க மாட்டேன்."

திரும்பிப் பார்த்தேன்.

"தொறந்து பாக்கட்டும்" என்றார்.

"பாத்துட்டு சரி பண்ண முடியாதுன்னு சொன்னா?"

அதற்கும் நேரம் எடுத்துக்கொண்டார். "டிப்போவுல நிறுத்துவோம்ல" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. அந்த முகத்தில் இப்போது சிரிப்பு வருவதில்லை. ஆனால் அது சிரிப்புக்கான வாக்கியம்தான். உனக்கு அவரைத் தெரியும்.

ஊசி ஜனவரி ஒன்பதாம் தேதி. பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்கால் நெஞ்சில் படுகிற மாதிரி சுருட்டிக்கொள்ளச் சொன்னார்கள். உடம்பு விறைத்திருக்கிறதே, மடங்கவில்லை. ஒரு நர்ஸ் காலைப் பிடித்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் இரண்டு பேர் முகமும் இவ்வளவு பக்கத்தில் வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன நினைத்தாரோ. "காபி குடிச்சிருக்க" என்றார்.

ரத்தம் மாதிரி ஏதோ வரும் என்று நினைத்தேன். வெறும் தண்ணீர். கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இத்தனை துன்பத்துக்கு நடுவே ஓடுகிற தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு நாள் தலைவலி இருந்தது. படுத்தே இருந்தார். பிறகு சரியாகிவிட்டது. கால் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, உன் நண்பனை நினைத்துப் பயப்படாதே. ஒரு குழாய் சாந்தியாகோவிலேயே இருக்கிறது, இன்னொன்றை உறையவைத்துக் கடல் தாண்டி அனுப்புகிறார்கள். முடிவு வர மூன்று மாதம் ஆகும்.

எல்சிரா

* * *

வால்பரைசோ
20 ஏப்ரல் 2023

நிபால்தோ,

முடிவு வந்துவிட்டது.

நரம்புத் தூள், அவர் வயதுக்காரருக்கு இருக்க வேண்டியதைப்போல நான்கு மடங்கு. கோணல் புரதம் இல்லை. இந்த இரண்டை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர் ரிக்கெல்மே. ஆனால் கண், பின்பக்கம் விழுவது, கை தட்டியது, மாத்திரைக்குக் கேட்காதது, எல்லாவற்றோடும் இதைச் சேர்த்தால் பார்க்கின்சன் இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாமாம். பெயர் நீளமாக இருக்கிறது. சுருக்கமாக பி.எஸ்.பி. என்கிறார்கள். "எத்தனை வருஷம்?" என்று உன் அண்ணன்தான் கேட்டார், நான் இல்லை. டாக்டர் மழுப்பவில்லை. "மூணு, நாலு வருஷம் இருக்கலாம். சாப்பாடு நுரையீரலுக்குள்ள போகாம பாத்துக்கிட்டா இன்னும் கூடலாம்." அவர் தலையாட்டினார். திரும்பி வரும்போது பேருந்தில், ஓட்டுநர் கியர் மாற்றுவது சரியில்லை என்று மட்டும் சொன்னார்.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தப்போகிறோம். முழுங்குவதற்குச் சொல்லித்தர ஒரு பெண் வாரம் ஒரு முறை வருகிறாள். தாடையை நெஞ்சோடு சேர்த்து முழுங்க வேண்டும், தண்ணீரில் கெட்டியாக்கும் மாவு கலக்க வேண்டும். இந்த இரண்டையும் மூன்று வருடம் முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

இப்போது இழுப்பறை.

கிளம்பும்போது டாக்டர் என் கையைப் பிடித்து, "அந்த மாத்திரை அவருக்கு பெருசா எதுவும் செஞ்சிருக்காதும்மா. நீங்க அவருக்குக் கெடுதல் பண்ணல" என்றார். உனக்குக் காட்ட அது ஒரு காகிதம்தான். இதோ காட்டிவிட்டேன். ஆனால் நிபால்தோ, நான் அதை நிறுத்தியபோது எனக்கு இது தெரியாது. பார்க்கின்சன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். டீசல் என்றுதான் எனக்கும் சொல்லியிருந்தார்கள்.

மத்தியான மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். அவரை எழுப்பி உட்காரவைத்து, புரை ஏறாமல் அதை இறக்க நாற்பது நிமிடம் ஆகும். காலையில் குளிப்பாட்டி, துணி மாற்றி, தூக்கி, துடைத்து முடிக்கும்போது பதினொன்றரை ஆகிவிடும். அந்த நேரத்தில் அவர் கண்ணயர்வார். ஒரு நாள் எழுப்பவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மறுநாளும் எழுப்பவில்லை. அந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான். வேறு எந்தக் காரணமும் இல்லை. அது அவருக்குக் கெடுதலாக இருந்திருந்தாலும் நான் அந்தத் தேநீரைக் குடித்திருப்பேன்.

உன் கேள்வி தப்பில்லை என்று எழுதியிருந்தாய். சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் என்னைப் பற்றி அந்த நீரில் எதுவும் தெரியாது. அதனால் நானே எழுதுகிறேன்.

எல்சிரா

* * *

புந்தா அரேனாஸ்
8 மே 2023

அண்ணி,

பட்டறையில் வைத்துப் படித்தேன். முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெல்டிங்காரனுக்கு அது ஒரு வசதி.

செப்டம்பரில் நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்லவில்லை. அன்று காலை நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது அண்ணனைக் குளியலறைக்குக் கூட்டிப்போனேன். துணியை நனைத்துவிட்டார். எனக்குத் துடைக்கக் கை வரவில்லை. "அண்ணி வரட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். நீங்கள் வந்து ஒன்றும் கேட்காமல் துடைத்தீர்கள். அதற்குப் பிறகுதான் கை துடைக்கத் துணி தேடி இழுப்பறையைத் திறந்தேன். மாத்திரை கிடைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. யாரைத் திட்டுவது என்று தெரிந்துவிட்டது.

மேசையில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜூன் 17 வருகிறேன். மூன்று வாரம் விடுப்பு. பார்க்க வரவில்லை. நான்கு நாள் பக்கத்தில் நின்று எனக்குச் சொல்லிக்கொடுங்கள். அதன்பிறகு நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. லிமாச்சேயில் உங்கள் அத்தை மகள் இருக்கிறாரே, அங்கே போங்கள்.

நிபால்தோ

* * *

வால்பரைசோ
26 ஜூன் 2023

அண்ணி,

சீரோவின் மருமகன் லிமாச்சே வண்டி ஓட்டுகிறான் என்பதால் இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசியில் சொன்னால் நீங்கள் உடனே கிளம்பிவிடுவீர்கள். அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்: அண்ணன் நன்றாக இருக்கிறார்.

நேற்று விழுந்தார். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். உங்களைப்போல் பாத்திரம் கழுவவில்லை, தேநீர் குடிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். எழுந்தார், கையை நீட்டினேன், அதற்குள் தரையில். தொப்பி போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. அவர் பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்து, "அவ... விழவிட மாட்டாளே" என்றார். "அண்ணி இருக்கறப்பவும் நாலு தடவ விழறீங்களாமே" என்றேன். யோசித்தார். "அவகிட்ட சொல்லாத" என்றார். சொல்லிவிட்டேன்.

துடைக்கக் கை வந்துவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து.

ஒரு வேளைச் சாப்பாடு முடிய ஒன்றே கால் மணி நேரம் ஆகிறது. அவர் வாயில் இருப்பதை முழுங்கும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது இன்றுதான் எனக்கே தெரிந்தது. நீங்கள் நாலு வருடம் இப்படி இருந்திருக்கிறீர்கள். நான் பதினேழு முறை தொலைபேசியில் அழைத்தேன் என்று பெருமையாக எழுதினேன்.

ஞாயிறு வருவீர்கள்தானே?

நிபால்தோ

* * *

லிமாச்சே
29 ஜூன் 2023

நிபால்தோ,

வந்த முதல் மூன்று நாளும் தூங்கினேன். அத்தை மகள் பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம். நான்காம் நாள் சந்தைக்குப் போனோம். ஒருத்தி அவரைப் பற்றி விசாரித்தாள். "பார்க்கின்சன் இல்ல, பி.எஸ்.பி., சரியாகாது" என்றேன். சொல்லிவிட்டுத் தக்காளி பொறுக்கினேன். குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விழுந்ததற்காக நீ மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. அவரைப் பிடித்துவிட யாராலும் முடியாது. எனக்கும் இரண்டு வருடம் ஆயிற்று அதை ஒத்துக்கொள்ள.

ஞாயிறு வருவதாகச் சொல்லியிருந்தேன். புதன்கிழமைதான் வருவேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலையும் இல்லை. இன்னும் மூன்று நாள் இருக்க ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான். அவரிடம் வேறு காரணம் எதுவும் சொல்லாதே. இதையே சொல்.

எல்சிரா

* * *

வால்பரைசோ
30 ஜூன் 2023

அண்ணி,

சொன்னேன். காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். "கேட்டுச்சு" என்றார். பிறகு தட்டை முகத்துக்கு நேரே பிடித்து நான்கு வாய் கஞ்சி ஊட்டியாயிற்று. ஐந்தாவது வாய்க்குக் கரண்டியைக் கொண்டுபோனபோது வாயைத் திறக்காமல் நிறுத்தினார்.

"இன்னும் ரெண்டு நாள் சேத்து... வெள்ளிக்கிழமை வரட்டும்" என்றார்.

நிபால்தோ